கச்சான் காற்றும் பெரியம்மாவின் சட்டியும்



கடந்த சில இதழ்களின் ஆசிரியர் பக்கம் விலைவாசி, வேலையின்மை என்று கனத்துப்போய்விட்டதாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. "ஒருக்காலாவது வயிறாறச் சிரிக்கிற மாதிரி எழுதுங்கோவன்" என்கிறார் ஒரு வாசகி. சிரிப்புக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. வயிற்றுக்குத் தரலாம். ஆகவே இம்முறை சைக்கிள், மீன்குழம்பு, கூட்டாளிமார்.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒரு சைக்கிளோட்ட அணியில் இருக்கிறார். இதழ் அச்சுக்குப் போகிற வாரம் பார்த்துத்தான் அவருக்கு லீவு தேவைப்பட்டது. "எங்கை போறீர்?" என்றேன். "சல்லிக்கு. பயிற்சி முகாம்" என்றார். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் புறப்பட்டால் உப்புவெளி, அதற்கப்பால் சாம்பல்தீவு, அங்கே கடலோரம் சல்லி. இவர் என்னவோ ஸ்பெயினுக்குப் போகிறவர் மாதிரிச் சொன்னார். லீவு கொடுக்க நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: பக்கங்களை முடித்துவிட்டுப் போக வேண்டும், எனக்கும் ஒரு நேரச் சாப்பாடு வைக்க வேண்டும். பக்கங்கள் முடிந்தன என்று சொல்ல மாட்டேன். ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் போன நான் மூன்று வேளையும் இருந்து சாப்பிட்டேன், பிறகும் போனேன்.

சல்லி என்றதும் இந்தப் பக்கத்தவர்களுக்கு முதலில் வருவது முத்துமாரியம்மன் கோயில். அம்பாள் கடலைப் பார்த்தபடி இருக்கிறாள். பொங்கல் விழாவுக்கு மாவட்டம் முழுவதும் அங்கே திரளும். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த கரைகளில் இதுவும் ஒன்று. மீன்பிடிக் கிராமம், மணல், பனை, வள்ளம், வலை. சுற்றுலா வாகனங்கள் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நின்றுவிடுகின்றன. சல்லிக்குத் திரும்புகிறவை குறைவு. அந்த ஊரில் ஒரு வளவில், ஒரு மாமரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ரேஸ் சைக்கிள்கள் சாத்தியிருந்தால் பிள்ளைகள் விடுவார்களா? நான் போனபோது ஒரு சிறுவன் சீற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை எப்பிடி அண்ணா இருக்கிறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நியாயமான கேள்வி. எனக்கும் அதே ஐயம் உண்டு.

வளவு எங்கள் தம்பியின் பெரியம்மாவுடையது. அவர் தம்பிக்கு மட்டும்தான் பெரியம்மா. இரண்டாம் நாளே எல்லோருக்கும் பெரியம்மா ஆகிவிட்டார். அணியில் ஓட்டோ ஓடுகிறவர் இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியர் இருக்கிறார், மருந்துக்கடையில் நிற்கிறவர், ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை, கிண்ணியாவிலிருந்து ஒருவர், கந்தளாயிலிருந்து ஒரு சிங்களப் பொடியன். அந்தப் பொடியனுக்குத் தமிழில் முதலில் வசமான சொல் "காணும்". பெரியம்மா பரிமாறும்போது அது அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது. சொல்லியும் பலனில்லை என்பது வேறு கதை.

இவர்கள் எல்லோரும் வருடம் முழுவதும் சைக்கிள் ஓடுகிறவர்கள்தான். ஆனால் தனித்தனியே. விடியப்புறம் நான்கரைக்கு எழும்பி, வேலைக்கு முன் ஒரு மணித்தியாலம் உழக்கிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் கடை திறக்க ஓடுகிறவர்கள். போட்டி நாளன்றுதான் ஒன்றாகச் சந்திப்பார்கள். ஒன்றாக ஓடிப் பழகாத ஓர் அணி போட்டியில் ஒன்றாக ஓடுமா? அதனால்தான் இந்த ஓகஸ்ட் விடுமுறையில் கைக்காசு சேர்த்து முகாம் போட்டார்கள்.

ஐரோப்பாவின் பெரிய தொழில்முறை அணிகளுக்கு இது புதிதில்லை. டிசெம்பர், ஜனவரியில் அங்கே பனி விழ, அணிகள் ஸ்பெயின் பக்கம் இறங்கிவிடும். மயோர்க்கா தீவு, மத்தியதரைக் கடலோரத்துக் கால்ப்பே போன்ற இடங்களில் ஹோட்டல்கள் சைக்கிள்காரர்களால் நிறையும். உயரத்தில் பயிற்சி வேண்டுமென்றால் தெனெரீஃப் தீவின் தெய்டே எரிமலையில் 2,000 மீற்றருக்கு மேலே ஒரு விடுதி இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் வெல்ல நினைக்கிறவர்கள் பலர் அங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்த முகாம்களில் செய்வது மூன்றே வேலை: ஓடுவது, சாப்பிடுவது, நித்திரை கொள்வது. மற்ற எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். பிரித்தானியாவின் ஸ்கை அணி தன் ஓட்டக்காரர்களின் மெத்தையையும் தலையணையையும் ஹோட்டலுக்கு ஹோட்டல் ஏற்றிக்கொண்டு போனது. டென்மார்க்கின் ஹன்னா கிராண்ட் என்ற சமையற்காரி ஓர் அணியோடு நாடு நாடாகப் போய்ச் சமைத்து, அதையே புத்தகமாகவும் எழுதினார். டூர் டி பிரான்ஸ் போன்ற போட்டியில் ஓடுகிறவர் ஒரு நாளில் 5,000 முதல் 8,000 கலோரி வரை உள்ளே தள்ள வேண்டும். சாதாரண மனிதருக்கு மூன்று நாளுக்குக் காணும் சாப்பாடு அது. பழைய காலத்தில் நிலைமை இப்படி இல்லை. அணியின் கடைநிலை ஓட்டக்காரர்கள் வழியிலுள்ள கடைகளுக்குள் பாய்ந்து பியரையும் வைனையும் சோடாவையும் அள்ளிக்கொண்டு திரும்பச் சைக்கிளில் ஏறுவார்களாம். கடைக்காரர் காசு கேட்டுக் கத்துவது பின்னால் கேட்கும்.

சல்லியில் மெத்தை இல்லை, பாய்தான். சமையற்காரியாகப் பெரியம்மா, அவருக்கு உதவியாக எதிர்வீட்டு அக்கா. காலை ஐந்து மணிக்குப் பிளேன்டீயும் கதலிப்பழமும். திரும்பி வரும்போது நீத்துப்பெட்டியிலிருந்து இறங்கிய பிட்டு ஒரு நாள், இடியப்பம் மறுநாள். இடியப்பத்துக்குச் சொதி, கட்டைச்சம்பல், முதல்நாள் இரவு வைத்த பாரைமீன் குழம்பு. அந்தக் குழம்பை அவர் விடிய மண்சட்டியோடு சூடாக்குவதில்லை, ஆறியதையே ஊற்றுகிறார். "சூடாக்கினா மீன் உடைஞ்சிடும் ராசா, புளி ஊறினதுதான் ருசி" என்பது அவர் தீர்ப்பு. சாப்பிட்டுப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, ரசம். யார் எத்தனை இடியப்பம் எடுத்தார் என்று எண்ணுவது வளவில் தடை.

அணிக்கு ஒரு பயிற்றுநர் உண்டு. முன்னாள் ஓட்டக்காரர், கையில் எப்போதும் ஒரு கொப்பி. அவர் விளக்கியது இது. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் மாச்சத்து மொத்தம் ஏறத்தாழ அரைக் கிலோதான், அதாவது 2,000 கலோரி. கடுமையாக உழக்கினால் மூன்று மணித்தியாலத்துக்குள் அது தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கால் மட்டுமல்ல, தலையும் வேலை செய்யாது. நேர் ரோட்டில் ஓடுகிறவருக்கு வளைவு தெரியும், கண் இருட்டும். ஆகவே நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது வாய்க்குள் போக வேண்டும். மேலைநாட்டார் இதற்குப் பசை மாதிரி ஒன்றைப் பொதியில் அடைத்து விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ற விலை. இவர்கள் சட்டைப் பின்பொக்கற்றில் கதலிப்பழமும், வாழையிலையில் சுற்றிய எள்ளுருண்டையும், உப்பும் சீனியும் தேசிக்காயும் கலந்த தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போகிறார்கள். எள்ளுருண்டை பெரியம்மாவின் யோசனை. ஓடிக்கொண்டே அதைக் கடித்தால் எள்ளு தொண்டையில் சிக்கி இருமல் வரும் என்பதைப் பயிற்றுநர் கொப்பியில் குறித்துக்கொண்டார். மறுநாள் உருண்டை சற்றுப் பாகு கூடி, இளகி வந்தது.

கிண்ணியாக்காரர் கொண்டுவந்த தயிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் கோபிப்பார். எருமைத்தயிர், மண்சட்டியில், மேலே கடதாசி கட்டி. பஸ்ஸில் அனுப்பியிருக்கலாம். மனிதர் அதைச் சாரத்தில் பொதிந்து முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே வந்தார். இடுப்புக்கு மேலே உடம்பை அசைக்காமல் உழக்க வேண்டும் என்று பயிற்றுநர் மாதக்கணக்காகச் சொல்லியும் அவருக்கு வராத பழக்கம், அந்தச் சட்டியோடு கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது வந்துவிட்டதாம். அந்த 396 மீற்றர் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் மிதவைப் பாதையில் ஏறிக் காத்திருந்துதான் வர வேண்டும். சட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. பாணி ஊற்றி, சிரட்டைக் கரண்டியால் வழித்து, மறுநாள் காலைக்கு ஒரு துளியும் மிச்சமில்லை.

இனிக் காற்றுக்கு வருகிறேன், முகாமின் உண்மையான வாத்தியார் அதுதான்.

ஓகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து, மழை முழுவதையும் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு தரையால் வரும் காற்று. சல்லியிலிருந்து புல்மோட்டை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, பிறகு திரியாய்க்குத் திரும்பும் சந்தி, அதற்கப்பால் புல்மோட்டையின் கனிம மணல். ஒரு மேடு பள்ளம் கிடையாது. போகும்போது காற்று முதுகைத் தள்ளும். இளம் பொடியன்களுக்கு அதுதான் வினை. தங்கள் கால்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு மணிக்கு 38, 40 என்று பறப்பார்கள். புல்மோட்டையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால் அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். குச்சவெளிக்கு முன்னமே முகம் கறுத்துவிடும்.

நான் பயிற்றுநரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து பார்த்தேன். முதல்நாள் திரும்பும் வழியில் அணி சிதறிப்போனது. ஆளுக்கொரு பக்கம், ஒவ்வொருவரும் தனியே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு. பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, சிதற விட்டார். மூன்றாவது ஓட்டத்தில்தான் பாடம் எடுத்தார். காற்று வலக்கைப் பக்கம் முன்னாலிருந்து சரிந்து அடிக்கிறது. ஆகவே ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நேராக நிற்பதில் பயனில்லை. முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கு இடக்கைப் பக்கம் சற்றுப் பதுங்கி, அடுத்தவர் அவருக்கு இடப்பக்கம் என்று, வீதிக்குக் குறுக்கே சாய்ந்த வரிசையாக நிற்க வேண்டும். காற்றைத் தாங்கும் முதலாள் அரை நிமிடம் உழக்கிவிட்டு விலகிப் பின்னால் வர, அடுத்தவர் முன்னால் போவார். வாகனம் குறைந்த நீட்டில், பின்னால் எங்கள் மோட்டார் சைக்கிள் காவல் நிற்க, அதைச் செய்து பார்த்தார்கள். முதலில் ஒருவர் சில்லில் ஒருவர் முட்டி, ஏச்சும் பேச்சும். கந்தளாய்ப் பொடியன் சிங்களத்தில் ஏச, ஓட்டோக்காரர் தமிழில் ஏச, இருவருக்கும் நன்றாகவே விளங்கியது. பிறகு ஒரு கட்டத்தில் வரிசை தானாக உருளத் தொடங்கியது. சங்கிலிச் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. பயிற்றுநர் என் பக்கம் திரும்பி, "இப்பதான் அணி" என்றார்.

இது கண்ணுக்கு அழகுக்காக மட்டுமில்லை. ஒருவருக்குப் பின்னால் ஒண்டி ஓடினால் கால்வாசியிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை சக்தி மிச்சம் என்பது பழைய கணக்கு. 2018 இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பேர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட பெரிய கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தது. கூட்டத்தின் நடுவே, பின்பக்கமாக இருப்பவருக்குக் கிடைக்கும் காற்றுத்தடை, தனியே ஓடுகிறவருக்குக் கிடைப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். ஆனால் இந்த லாபத்தைத் தனியாக விடியப்புறம் உழக்கிக் கற்க முடியாது. முன்னால் போகிறவர் சட்டென்று பிறேக் பிடிக்க மாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை ரோட்டில் மட்டும் வருவதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே சட்டியில் தயிர் வழித்தவர்களுக்கு அது கொஞ்சம் சீக்கிரமாக வந்தது என்றே நினைக்கிறேன். பயிற்றுநர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு எல்லாம் கொப்பிதான்.

ஓய்வு நாளைப் பற்றி அவருக்கும் அணிக்கும் பெரிய சண்டை. கொப்பியில் "முழு ஓய்வு" என்று எழுதியிருந்தார். காலையில் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா பார்க்கப் போன பொடியன்கள் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். சல்லி மனிதர்கள் வேண்டாம் என்பார்களா? இரண்டு மணித்தியாலம் இழுத்து, கூலியாக ஒரு கூடை மீனோடு வந்தார்கள். மறுநாள் கால் எவருக்கும் நோகவில்லை. முதுகும் தோளும் கையும்தான். ஹாண்டிலைப் பிடிக்க முடியாமல் முனகினார்கள். தண்டனையாகவோ வைத்தியமாகவோ, பின்னேரம் எல்லோரையும் கன்னியாய்க்குக் கூட்டிப்போனார். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு, இராவணன் தாயின் அந்திமக் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம். மேலைநாட்டு அணிகள் ஓட்டம் முடிந்ததும் ஐஸ் தொட்டியில் இறங்குகின்றன. எங்கள் ஆட்கள் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு, "இன்னும் ஒரு வாளி" என்று நின்றார்கள். எது தசைக்கு நல்லது என்று விஞ்ஞானிகள் வாதாடட்டும்.

இரவில் மாமரத்தடியில் செயினுக்கு எண்ணெய் போட்டபடி கதை நடக்கும். பக்கத்து வளவு ஐயா தன் பழைய லுமாலா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வார். பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும், அரிசி மூட்டையோடு ஆளையும் ஏற்றிக்கொண்டு உழக்கியதைப் பற்றியும் சொல்வார். 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, பரணிலிருந்து இறக்கிய சைக்கிளுக்கு ரயர் தேடி அலைந்த கதையை மற்றவர்கள் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இலங்கைக்காக மொரிஸ் குமாரவேல் சைக்கிளோடியதை அங்கிருந்த இளையவர் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பயிற்றுநர் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு பேச்சு தமிழ்நாட்டுக்குப் போகும். 2008 முதல் நடக்கும் நீலகிரிச் சைக்கிள் சுற்றுலாவில் சேர்ந்து, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்பது பள்ளிக்கூட ஆசிரியரின் கனவு. "முதலிலை கோணேசர் கோயில் ஏத்தத்தை மூச்சு வாங்காமல் ஏறும் ஐசே" என்றார் மருந்துக்கடைக்காரர். வழியில் ஃபிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கும் மான்களே இவர் ஏறுவதைப் பார்த்துப் பரிதாபப்படுகின்றனவாம்.

ஒரு விடயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அணிக்கு ஜேர்சி வேண்டுமென்றால் பெயர் போட ஆள் வருகிறது. முதுகில் ஒன்று, நெஞ்சில் இரண்டு, தொடையில்கூட ஒன்று. வெற்றிக்கிண்ணம் தர மேடைக்கு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. அரிசி மூட்டைக்குக் காசு கொடுக்க எவரும் முன்வருவதில்லை, அதில் பெயர் போட இடமில்லைப்போலும். ஆனால் இந்த ஓட்டக்காரர்களிடம் நல்ல சைக்கிள் இருக்கிறது, கடன்பட்டாவது வாங்கிவிடுகிறார்கள். இல்லாதது வேறு: வேலைக்கு ஓடத் தேவையில்லாத சில காலைகள், யாரோ சமைத்து வைத்த மூன்று வேளை, மத்தியானம் இரண்டு மணித்தியால நித்திரை. ஓட்டோக்காரர் முகாமுக்கு வந்த நாட்களில் உழைப்பை இழந்திருக்கிறார். அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பிப் போனதும் இரவுச் சவாரியும் ஓடுவதாகத் தம்பிதான் சொன்னார். பெரியம்மா விறகுக்கும் தேங்காய்க்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். கடைசி நாள் அணியினர் அவருக்கு ஒரு சேலையும் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பெரிய இடியப்பச் சட்டியும் வாங்கிக் கொடுத்தார்கள். சட்டியைப் பார்த்த பெரியம்மா, "அப்ப அடுத்த முறையும் வாறதெண்டு முடிவு" என்றார்.

வருவார்கள். டிசெம்பர் விடுமுறையில் இங்கே வாடை, மழை. வீதியோரம் வெள்ளம் நிற்கும். ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் அடுத்த முகாம். அதற்கு மட்டக்களப்புப் பக்கம் போகலாமா, வன்னிப் பக்கம் போகலாமா என்று பேச்சு நடக்கிறது. உங்கள் ஊரில் ஒரு வளவும், நல்ல கிணறும், பதினைந்து பேருக்கு உலை வைக்கப் பயப்படாத ஒருவரும் இருந்தால் ஆசிரியர் பெயருக்கு எழுதுங்கள், அணியிடம் சேர்த்துவிடுகிறேன். எந்த வீதி, காற்று எந்தப் பக்கம், மீன் எப்போது வரும் என்பதையும் குறிப்பிடுங்கள். அரிசிக்கு உதவ நினைக்கிறவர்களும் எழுதலாம்.

இந்த இதழின் நடுப்பக்கங்கள் சற்று நெருக்கமாக அமைந்திருப்பதாகத் தோன்றினால் வடிவமைப்பாளரை மன்னித்துவிடுங்கள். மனிதர் புல்மோட்டை வீதியிலிருந்து இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்